பழைய கிட்டார் ஆம்ப்பை 'மாட்' பண்ணப் போறீங்களா? பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஸ்லாஷ் என்ற பெயரைக் கேட்டதுமே அந்த உயரமான தொப்பி ஞாபகத்துக்கு வரும். அவர் கிட்டார் வாசித்த கன்ஸ் அண்ட் ரோஸஸ் இசைக்குழுவின் முதல் ஆல்பம் 'அப்பெடைட் ஃபார் டிஸ்ட்ரக்‌ஷன்' 1987-ல் வெளியானது. அதில் வரும் கிட்டார் சத்தத்தைப் பிடிக்க இன்றுவரை பலர் முட்டி மோதிக்கொண்டிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த நாள்களில் ஸ்லாஷ் ஆசைப்பட்ட மார்ஷல் ஆம்ப் அவருடையதே கிடையாது. லாஸ் ஏஞ்சலஸில் வாடகைக்கு எடுத்தது. வாடகைக் கடையின் டெக்னீஷியன் உள்ளே சர்க்யூட்டை மாற்றியமைத்த பீஸ். திருப்பிக் கொடுக்க ஸ்லாஷுக்கு மனசே வரவில்லை. ஆனால், கடைக்காரர்கள் விடுவார்களா? வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ரெக்கார்டிங்கில் இருந்தது சரியாக எந்த ஆம்ப், அதை மாற்றியது யார் என்று ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். பின்னாளில் அந்தச் சத்தத்தைத் திரும்பக் கொண்டுவர, ஸ்லாஷ் பெயரிலேயே ஏ.எஃப்.டி 100 என்றொரு மாடலை மார்ஷல் நிறுவனமே தயாரித்தது.

கம்பெனி செய்து கொடுத்த பொருளை ஒருத்தர் திறக்கிறார். நாலைந்து உதிரிபாகங்களை மாற்றுகிறார். சத்தமே வேறாகிவிடுகிறது. கிட்டார் உலகத்தில் இதற்குப் பெயர் 'மாட்'. பைக் வைத்திருக்கும் பசங்க சொல்கிற அதே மாட்தான். சைலன்ஸரை மாற்றுவது, கார்ப்ரேட்டரைத் தட்டிப் பார்ப்பது மாதிரி இங்கே கெபாசிட்டரையும் ரெசிஸ்டரையும் மாற்றுகிறார்கள். பைக்கில் என்ன தப்பெல்லாம் நடக்குமோ அதெல்லாம் இதிலும் நடக்கும். கூடுதலாக ஒன்று, இது ஆளைக் கொல்லவும் செய்யும். அதைப் பிறகு பார்ப்போம்.

வால்வு ரேடியோவின் தம்பி

தாத்தா வீட்டில் வால்வு ரேடியோ பார்த்திருக்கீங்களா? போட்டதும் பாடாது, உள்ளே கண்ணாடிக் குழாய்கள் சூடேறி, ஆரஞ்சு நிறத்தில் ஒளிர ஆரம்பித்த பிறகுதான் பாடும். கிட்டார்காரர்கள் உருகும் பழைய ஆம்ப்களும் அதே வால்வுகளில் ஓடுபவைதான். சத்தத்தைக் கூட்டக் கூட்ட வால்வு திணறும். அந்தத் திணறலில் கிட்டார் ஒலி இனிமையாக உடையும். அந்த உடைசலுக்குத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டமும்.

1946-ல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் ஆரம்பித்த நிறுவனம்தான் இந்தக் கதையின் தொடக்கம். லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலின் ஆட்கள் 1962-ல் செய்த முதல் ஆம்ப்கூட, ஃபெண்டரின் பாஸ்மேன் சர்க்யூட்டைப் பார்த்துச் செய்ததுதான். ஆக, மார்ஷல் என்ற பெரிய பெயரே அடுத்தவர் ஆம்ப்பைத் திறந்து பார்த்ததில் பிறந்தது.

1960-களின் இறுதியில் ராண்டால் ஸ்மித் என்ற டெக்னீஷியன், ஃபெண்டரின் குட்டி ஆம்ப்பான பிரின்ஸ்டனுக்குள் பாஸ்மேனின் பெரிய சர்க்யூட்டையும் 12 அங்குல ஸ்பீக்கரையும் திணித்தார். நண்பர் ஒருவரைக் கலாய்ப்பதற்காகச் செய்த வேலை அது. கார்லோஸ் சன்டானா அதை வாசித்துப் பார்த்துப் பாராட்டிய வார்த்தையிலிருந்துதான் 'பூகி' என்ற பெயர் வந்ததாகச் சொல்வார்கள். இன்று மெசா பூகி உலகப் புகழ்பெற்ற பிராண்டு. பீட்டில்ஸால் பிரபலமான வாக்ஸ் ஆம்ப்களில் ஏசி30 டாப் பூஸ்ட் என்று ஒன்று உண்டே, அந்த 'டாப் பூஸ்ட்'கூட முதலில் தனியாக வாங்கி ஆம்ப்பின் பின்பக்கம் பொருத்திக்கொள்ளும் கூடுதல் சர்க்யூட்தான். லாஸ் ஏஞ்சலஸில் ஃபெண்டர் ஆம்ப்களை மாற்றிக் கொடுத்துப் பெயர் வாங்கிய பால் ரிவேராவை 1980-களின் தொடக்கத்தில் ஃபெண்டர் நிறுவனமே வேலைக்கு எடுத்துக்கொண்டது.

ஆக, மாட் என்பது திருட்டு வேலையும் இல்லை, கிறுக்குத்தனமும் இல்லை. நல்ல கைகளில் அது புது ஆம்ப்பையே பெற்றெடுத்திருக்கிறது. பிரச்னை, உங்கள் ஆம்ப்புக்கு அது தேவையா என்பதுதான்.

மாட்டா, சர்வீஸா?

பழைய ஆம்ப் வாங்குகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, நோயாளியை பியூட்டி பார்லருக்குக் கூட்டிக்கொண்டு போவது. 'சத்தம் மொத்தையா இருக்கு, பாஸ் தொளதொளன்னு இருக்கு, ம்ம்ம்னு இரைச்சல் வருது, மாட் பண்ணிக் கொடுங்க' என்று போய் நிற்பார்கள். இதில் முக்கால்வாசி மாட் சமாசாரமே இல்லை. ஆம்ப்புக்கு வயசாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஃபேன் மெதுவாகச் சுற்றினால் 'கண்டன்சர் போச்சு' என்று எலக்ட்ரீஷியன் சொல்வார் இல்லையா? ஆம்ப்பின் பவர் சப்ளையில் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களும் தூரத்துச் சொந்தம்தான். உள்ளே இருக்கும் ஈரப்பசை காலப்போக்கில் காய்ந்துவிடும். 1970-ல் செய்த ஆம்ப்பில் இன்னும் அதே கெபாசிட்டர் இருந்தால், நீங்கள் கேட்பது அந்த ஆம்ப்பின் சத்தமே அல்ல. அதன் நோயின் சத்தம். அதை மாற்றி, தேய்ந்த வால்வுகளை மாற்றி, பயாஸ் செட் செய்து, குமிழ்களையும் ஜாக்குகளையும் சுத்தம் செய்து கொடுத்தாலே பல ஆம்ப்கள் எழுந்து உட்காரும். பயாஸ் என்பது பவர் வால்வுகள் சும்மா இருக்கும்போது எவ்வளவு கரன்ட் இழுக்க வேண்டும் என்று வைக்கும் அளவு. அதிகமானால் வால்வு சீக்கிரம் கருகும். குறைந்தால் சத்தம் வறண்டுபோகும்.

அதனால், எந்த டெக்னீஷியனிடம் போனாலும் முதலில் சர்வீஸுக்கு மட்டும் பணம் கொடுங்கள். வீட்டுக்கு எடுத்து வந்து ஒரு மாசம் வாசியுங்கள். அதற்குப் பிறகும் குறை தெரிந்தால் மாட் பற்றிப் பேசலாம். ஆம்ப்பைப் பார்க்கும் முன்னாடியே 'இந்த மாடலுக்கு இந்தப் பேக்கேஜ்' என்று ரேட் கார்டு நீட்டும் ஆளிடம் நான் போக மாட்டேன்.

திறக்காதீங்க... ப்ளீஸ்!

'நாலு கெபாசிட்டர்தானே, வீடியோ பார்த்து நானே மாத்திக்கிறேன்' என்று தோன்றும். வேண்டாம். வால்வு ஆம்ப்புக்குள் 400 வோல்ட்டுக்கு மேல் டிசி மின்சாரம் ஓடுகிறது. ஸ்விட்சை ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி வைத்த பிறகும் அந்த ஃபில்டர் கெபாசிட்டர்கள் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். அதை எப்படி வடிப்பது, வடிந்துவிட்டதா என்று மீட்டரில் எப்படிப் பார்ப்பது என்று தெரியாதவர் கை உள்ளே போகக் கூடாது. டெக்னீஷியனுக்கு நீங்கள் கொடுக்கும் காசில் ஒரு பங்கு இந்தப் பழக்கத்துக்குத்தான்.

பழைய அமெரிக்க ஆம்ப்களில் இன்னொரு ஆபத்து. பிளக்கில் இரண்டே பின்தான் இருக்கும், எர்த் கிடையாது. அதோடு மெயின்ஸ் லைனிலிருந்து ஆம்ப்பின் உலோக உடம்புக்கு ஒரு கெபாசிட்டர் போகும். அது ஷார்ட் ஆனால் உடம்பு முழுக்க மின்சாரம். கிட்டார் கம்பிகள் அந்த உடம்போடுதான் இணைந்திருக்கின்றன. டெக்னீஷியன்களே அதற்கு 'டெத் கேப்' என்று பேர் வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மேடையில் எர்த் கோளாறு என்ன செய்யும் என்பதற்கு 1972-ல் வேல்ஸின் ஸ்வான்சி நகரில் நடந்ததே சாட்சி. ஸ்டோன் த க்ரோஸ் இசைக்குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி, கிட்டாரோடு மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி உயிரிழந்தார்.

எனவே பழைய ஆம்ப்பில் மூன்று பின் வயர் போட்டு, அந்தக் கெபாசிட்டரை எடுத்துவிடச் சொல்வது முதல் வேலை. 'ஒரிஜினாலிட்டி போயிடுமே' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். இரைச்சலைக் குறைக்க எர்த் பின்னை உடைக்கும் பழக்கம் நம்மூரில் உண்டு. அது மட்டும் கூடவே கூடாது.

ஒரிஜினல் பீஸ் என்றால் வேறு கணக்கு

விண்டேஜ் என்பது அந்தக் காலத்திலேயே செய்த ஆம்ப். ரீ-இஷ்யூ என்பது அதே டிசைனில் கம்பெனி மறுபடி செய்து விற்பது. ஃபெண்டர் 1990-ல் '59 பாஸ்மேனையும், அடுத்த சில வருடங்களில் '65 ட்வின் ரிவெர்ப், '65 டீலக்ஸ் ரிவெர்ப் ஆகியவற்றையும் இப்படிக் கொண்டுவந்தது. வெளியே பார்த்தால் இரட்டைப் பிறவிகள். உள்ளே வேறு. பழையதில் ஃபைபர் போர்டில் ஒவ்வொரு பாகமும் கையால் வைத்து சால்டர் செய்யப்பட்டிருக்கும். ரீ-இஷ்யூக்களில் பெரும்பாலும் பிரின்டட் சர்க்யூட் போர்டு.

விண்டேஜில் கை வைப்பதற்கு முன் யமஹா ஆர்.எக்ஸ் 100-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். 'மாட் பண்ணின வண்டி'க்கு ஒரு விலை, 'ஒரிஜினல் கண்டிஷன்' வண்டிக்கு ஒரு விலை. இங்கேயும் அதே கதை. 1980-களில் லாஸ் ஏஞ்சலஸில் ஹோசே அரெடொண்டோ என்ற டெக்னீஷியனின் பாணியில் மார்ஷல்களை மாற்றுவது ஃபேஷனாக இருந்தது. ஒரு மாஸ்டர் வால்யூம், கூடுதல் கெயின், முன்பக்கம் புதிதாக ஒரு துளை. அப்போது அவை வெறும் செகண்ட் ஹேண்ட் ஆம்ப்கள், யாரும் கவலைப்படவில்லை. இன்றைக்கு அந்தத் துளை ஒன்றே சேகரிப்பாளரிடம் விலையை இறக்கிவிடும். ஹோசே கையாலேயே செய்தது என்று நிரூபிக்க முடிந்தால் மட்டும் கதை மாறும். அலெக்ஸாண்டர் டம்பிள் தொட்ட ஃபெண்டர்களுக்கும் அப்படித்தான் தனி மவுசு. ஆனால், உங்கள் ஊர் டெக்னீஷியன் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவர் பெயருக்கு விலை ஏறாது.

துளை போடாத, திருப்பிப் பழையபடி ஆக்கக்கூடிய வேலை என்றால் செய்யலாம். மாஸ்டர் வால்யூம் வேண்டுமா? ஏற்கெனவே இருக்கும், பயன்படுத்தாத ஜாக்கின் துளையில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். கழற்றின ஒவ்வொரு பாகத்தையும் ஒரு ஜிப் கவரில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செத்துப்போன கெபாசிட்டரையும் சேர்த்துத்தான். நாளைக்கு விற்கும்போது அந்தக் கவருக்கும் மதிப்பு உண்டு.

விண்டேஜில் அதிகமாக விற்கப்படும் மாட் 'பிளாக்ஃபேஸிங்'. 1965-ல் சி.பி.எஸ் நிறுவனம் ஃபெண்டரை 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. 1968 வாக்கில் ஆம்ப்பின் கறுப்பு முகப்பு வெள்ளி நிறமானது. சில மாடல்களில் சர்க்யூட்டும் மாறியது. வெள்ளி முகத்தைக் கறுப்பு முகத்தின் சர்க்யூட்டுக்குத் திருப்புவதுதான் இந்த மாட். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், எல்லா மாடலும் ஒரே அளவு மாறவில்லை. வெள்ளி முக பிரின்ஸ்டன் ரிவெர்ப்பின் சர்க்யூட் பழையதிலிருந்து பெரிதாக விலகவே இல்லை. அதற்குப் போய் பிளாக்ஃபேஸிங் கட்டணம் கொடுப்பது, ஏற்கெனவே இனிப்பாக இருக்கும் காபிக்குச் சர்க்கரைக்குத் தனிக் காசு கொடுக்கிற மாதிரி. ட்வின் ரிவெர்ப் போன்ற பெரிய மாடல்களில்தான் உண்மையான வித்தியாசம். அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. சி.பி.எஸ் காலத்தில் பவர் வால்வுகளோடு சின்னச் சின்னக் கெபாசிட்டர்களைச் சேர்த்தார்கள். ரசிகர்களுக்கு அது பிடிக்காது, பிடுங்கச் சொல்வார்கள். ஆனால், வயர்கள் தாறுமாறாக ஓடுவதால் ஆம்ப் தானாகக் கத்தாமல் இருக்கத்தான் அவற்றை வைத்தார்கள். வயர்களை ஒழுங்குபடுத்தாமல் கெபாசிட்டரை மட்டும் எடுத்தால் ஆம்ப் ஊளையிட ஆரம்பிக்கலாம். நல்ல டெக்னீஷியனா என்று பார்க்க இதையே கேட்கலாம்: "இதை எடுத்தா ஏதாவது பிரச்னை வருமாண்ணா?" பதில் சொல்கிறாரா, 'அதெல்லாம் வராது தம்பி' என்கிறாரா என்று கவனியுங்கள்.

ரீ-இஷ்யூவில் தைரியமாகக் கை வைக்கலாம், ஆனால்...

ரீ-இஷ்யூவில் பரம்பரைச் சொத்துக் கவலை கிடையாது. வாரண்டி போகும், அவ்வளவுதான். ஆனால், பிரின்டட் போர்டில் பாகங்களைக் கழற்றும்போது செப்புத் தடம் உரிந்து வந்துவிடும் அபாயம் உண்டு. பல மாடல்களில் போர்டு முழுவதையும் வெளியே எடுத்தால்தான் அடிப்பக்கம் தெரியும். அதனால், சின்ன வேலைக்கும் நேரம் பிடிக்கும். 'பத்து ரூபாய் பார்ட்டுக்கு இவ்வளவு கூலியா' என்று சண்டை போடாதீங்க. நீங்கள் காசு கொடுப்பது அந்தப் பாகத்துக்கு இல்லை. போர்டு உரியாமல் எடுக்கும் கைக்கு.

'65 டீலக்ஸ் ரிவெர்ப் ரீ-இஷ்யூவில் மிகப் பிரபலமான மாட் எது தெரியுமா? எதையும் சேர்ப்பதில்லை, ஒன்றை வெட்டுவது. வால்யூம் குமிழோடு இருக்கும் 'பிரைட் கெபாசிட்டர்' குறைந்த சத்தத்தில் ட்ரெபிளைத் தூக்கிக் கொடுக்கும். வீட்டில் மெதுவாக வாசிப்பவர்களுக்குக் காதில் ஊசி குத்துவது போல இருக்கும். அதன் ஒரு காலை வெட்டிவிட்டால் சத்தம் சாந்தமாகிவிடும். வேண்டாமென்றால் திரும்பச் சேர்க்கலாம். வேலை இரண்டு நிமிஷம். ஆம்ப்பைத் திறந்து, பத்திரமாக வடித்து, மூடுவதற்குத்தான் கட்டணம். வேறு வேலைக்காகத் திறக்கும்போது இதையும் சேர்த்துச் செய்யச் சொல்வதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொரு பிரபலமான வேண்டுகோள், ஒரு சேனலில் மட்டும் இருக்கும் ரிவெர்பையும் ட்ரெமலோவையும் இரண்டு சேனலுக்கும் கொண்டுவருவது. இதற்குக் காசு கொடுக்கும் முன் ஃபெண்டரின் '68 கஸ்டம் வரிசையைப் பாருங்கள். டெக்னீஷியன்களிடம் ஆள்கள் கேட்டுக்கொண்டிருந்ததை ஃபெண்டரே செய்து விற்கிறது: இரண்டு சேனலிலும் ரிவெர்ப், ட்ரெமலோ, ஒன்றில் பாஸ்மேன் பாணி டோன் சர்க்யூட். அதேபோல, ரீ-இஷ்யூவை முழுசாகக் கையால் வயரிங் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆம்ப் விலையும் அந்தக் கூலியும் சேர்ந்து, கம்பெனியே கையால் வயரிங் செய்து விற்கும் மாடலின் விலையைத் தொட்டுவிடும். விற்கும்போது அந்தக் கூலி திரும்பி வராது.

'ஆடியோ கிரேடு' கெபாசிட்டர், தங்க முலாம் ஜாக் என்று உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் மாற்றும் பேக்கேஜ்களும் உண்டு. ஆரோக்கியமாக இருக்கும் பாகத்தை, அதே அளவுள்ள விலை உயர்ந்த பாகத்தால் மாற்றுவதில் பெரிய வித்தியாசம் கிடைக்காது என்பது என் கருத்து. அந்தக் காசை ஸ்பீக்கரில் போடுங்கள்.

ஆமாம், ஸ்பீக்கர்! ஆம்ப்பின் சத்தத்தை அடியோடு மாற்றுவது அதுதான். சர்க்யூட்டைத் தொட வேண்டாம், பிடிக்கவில்லை என்றால் பழையதைத் திருப்பி மாட்டலாம். புதிய ஸ்பீக்கரின் ஓம் அளவும், தாங்கும் வாட் அளவும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஸ்பீக்கர் இணைப்பு இல்லாமல் வால்வு ஆம்ப்பை ஆன் செய்து வாசிக்கவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிப்போகலாம்.

அதைவிட மலிவான சோதனையும் உண்டு. கெயின் அதிகமாக இருக்கிறது என்று தோன்றினால், முதல் 12ஏஎக்ஸ்7 வால்வைக் கழற்றிவிட்டு 12ஏடி7 அல்லது 12ஏஒய்7 போட்டுப் பாருங்கள். ஆம்ப்பை ஆஃப் செய்து, வால்வு நன்றாக ஆறியபின் பல்பு மாற்றுவது போலத்தான். பவர் வால்வுகளுக்கு மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம். அவற்றை மாற்றினால் பயாஸ் பார்க்க வேண்டும். 'சத்தம் அதிகம், பக்கத்து வீட்டுக்காரர் திட்டுறார்' என்பது மட்டும்தான் குறை என்றால், ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு அட்டென்யூவேட்டர் வாங்கி மாட்டுங்கள். ஆம்ப்பைத் திறக்கவே வேண்டாம்.

வோல்டேஜ் கவனம்

அமெரிக்காவிலிருந்து அண்ணனோ மாமாவோ ஆம்ப் கொண்டுவந்து தருகிறார் என்றால், அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கானது. நம் வீட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேராகச் சொருகினால் நல்ல நேரம் இருந்தால் ஃபியூஸ் மட்டும் போகும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும்போது ஆம்ப்பின் பின்பக்கம் எழுதியிருக்கும் வாட்டைவிடத் தாராளமாக வாங்குங்கள். அது ஹெர்ட்ஸை மாற்றாது என்பதால் ஆம்ப்பின் சொந்த டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். நீண்ட நாள் இங்கேயே இருக்கப்போகிற ஆம்ப் என்றால், 230 வோல்ட்டுக்கான பவர் டிரான்ஸ்ஃபார்மர் போடுவது காசு கொடுத்துச் செய்யத் தகுந்த வேலை.

கடைக்குப் போகும்போது...

உங்கள் கிட்டாரையும் பெடல்களையும் கையோடு கொண்டுபோங்கள். டெக்னீஷியனின் கிட்டாரில் நன்றாகக் கேட்டது உங்களுடையதில் கேட்காமல் போகலாம். 'வார்ம்', 'ஃபேட்' என்று சொன்னால் ஆளுக்கொரு அர்த்தம். போனில் ஒரு பாட்டைப் போட்டு, இந்த இடத்தில் வருகிற கிட்டார் மாதிரி என்று காட்டுங்கள். வீட்டில் வழக்கமாக வைக்கும் குமிழ் அளவையும் போட்டோ எடுத்து வையுங்கள். ஐந்தில் வைத்து வாசிப்பவருக்குத் தேவையான மாட் வேறு, இரண்டில் வாசிப்பவருக்கு வேறு.

செலவை எழுதி வாங்குங்கள். சர்வீஸுக்கு எவ்வளவு, மாட்டுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக. திறந்த உடனே ஒரு போட்டோ, மூடும் முன் ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். என்னென்ன மாற்றினார் என்பதை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். சர்க்யூட் படத்தில் குறித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. 'அது தொழில் ரகசியம்' என்றால் யோசியுங்கள். டம்பிள் தன் சர்க்யூட்டின் மேல் பசையை ஊற்றி மறைத்தார்தான், ஆனால் அவர் டம்பிள். நாளைக்கு உங்கள் ஆம்ப் பழுதானால், இன்னொரு டெக்னீஷியன் அந்தத் தாளை வைத்துத்தான் வேலை பார்க்க வேண்டும்.

வாங்க வரும்போது அவசரப்படாதீங்க. அங்கேயே அரை மணி நேரம் ஓடவிட்டு வாசியுங்கள். சில கோளாறுகள் ஆம்ப் சூடான பிறகுதான் தலைகாட்டும். கருகல் வாசனை வருகிறதா, வாசிக்காமல் இருக்கும்போது இரைச்சல் ஏறுகிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியென்றால் பணத்தைக் கொடுத்துவிட்டு, பழைய பாகங்கள் இருக்கும் கவரையும் அந்தத் தாளையும் வாங்கி, கேபினெட்டின் உள்பக்கம் வால்வு சூடு படாத மூலையில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.